மதினிக்கு நான் கொடுத்த மாத்திரை

அக்டோபர் 9, புதன்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று ஊழியர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ரத்தம் பார்த்தார்கள். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறாள் என்று மதினியையும் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. திருநெல்வேலி டவுனிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அதில் முப்பத்தொன்பது நிமிஷம் "எனக்கு என்னட்டி கேடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ஆவுடையம்மாள். அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவள். நான் கல்யாணமாகி வந்தபோதே அடுப்படி அவள் கையில்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான். தம்பி போய் ஆறு வருஷமாகிறது. என் மகன் ஓசூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

எனக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு. மதினிக்கு எட்டு புள்ளி நாலு.

டாக்டர் ஜெபசெல்வி சீட்டைப் பார்த்துவிட்டு, "வடிவு மேடம், அம்மாவுக்குக் கையில ரத்தம் எடுத்து முழுசா ஒரு டெஸ்ட் பாத்துருவோம். எந்த வகை ரத்தசோகைன்னு தெரிஞ்சுக்கிட்டு மருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

"ஒரு குத்துக்கே விரலு கடுக்கு. இன்னொரு குத்தெல்லாம் ஆகாது" என்றாள் மதினி.

"விடுங்க டாக்டர், நான் பாத்துக்கிடுதேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக இந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இரும்புச்சத்து மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தவள் நான். இந்த டாக்டருக்கு வயதே இருபத்தொன்பதுதான்.

ஜனவரியில் யாரோ கொடுத்த டைரி, இதுவரை வெள்ளையாகவே கிடந்தது. மதினியின் மாத்திரைக் கதையை எழுதி வைக்கலாம் என்று இன்று எடுத்தேன். ஏறுகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

அக்டோபர் 10, வியாழன்

இரும்புச்சத்து, அந்தச் சிவப்பு மாத்திரை, இரண்டு வேளை. அதிலேயே கொஞ்சம் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் உண்டு. சீக்கிரம் ஏறட்டும் என்று தனியாக ஐந்து மில்லிகிராம் ஃபோலிக் மாத்திரையும் சேர்த்தேன். ஜன்னலில் சொல்லுகிற அத்தனையையும் மதினிக்கும் ஒப்பித்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், காப்பி குடித்த கையோடு போடக்கூடாது, மலம் கறுப்பாகப் போகும், பயப்படக்கூடாது.

"செவப்பா இருக்கே, மேல என்ன பூசியிருக்கான்?"

"சீனி மதினி."

"சீனிதானா, இல்ல வேற எதுவுமா?"

நாங்கள் சைவப் பிள்ளைமார். மதினியைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாவற்றிலும் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள். முருங்கைக்கீரை போட்டு ரசம் வைத்திருந்தாள். மோர் ஊற்றப் போனேன். சளி கட்டும் என்று கையைக் குறுக்கே வைத்தாள். காலையில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, ராத்திரி ரசஞ்சோறு. இந்த உடம்பில் ரத்தம் எங்கேயிருந்து ஊறும்?

அக்டோபர் 19, சனி

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். வயிறு கட்டிக்கொண்டது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை என்னிடம் சொல்லுகிறாள். கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

நான் அரைத்த சாம்பார்ப்பொடியில் காரம் கூடிவிட்டதாம், நாக்கு எரிகிறதாம். அதே பொடியைத்தான் நானும் சாப்பிடுகிறேன். என் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் அவளிடமே கேட்கலாம்.

காலையில் தம்ளரைக் கீழே போட்டாள். இந்த வாரத்தில் மூன்றாவது. "கையில எண்ணெயா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

கோயிலுக்குப் போய்விட்டு மதினி ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். இன்னொன்று எங்கே என்றால், "அது எப்பக் கழண்டுச்சுன்னே தெரியல" என்கிறாள். ரதவீதி முழுக்க ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறாள். மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவனும் நானும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. மதினி சிரிக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பத்து புள்ளி இரண்டு.

எட்டு புள்ளி நாலிலிருந்து ஒரு மாதத்தில் பத்து புள்ளி இரண்டு. மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. சீட்டைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். வைத்த விதத்தில் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"நல்லா ஏறியிருக்கு மேடம். ஆனாலும் அந்த முழு டெஸ்ட்ட ஒருவாட்டி பாத்துட்டா நிம்மதி."

"பாக்கலாம் டாக்டர்" என்றேன். ஏறிக்கொண்டிருக்கிற ரத்தத்தை என்னத்துக்குச் சோதிக்க வேண்டும்?

வருகிற வழியில் ஜங்ஷன் பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ் சாப்பிட்டேன். சைவ வீட்டு மருமகள் இதை எழுதக்கூடாதுதான். சம்பள நாளில் ஒன்று, சந்தோஷமான நாளில் ஒன்று என்று இருபது வருஷமாக நடக்கிறது. வாயைக் கழுவி இரண்டு ஏலக்காயை மென்றுவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவேன். என் ரத்தம் பன்னிரண்டில் நிற்பதற்கு அந்தப் பப்ஸும் ஒரு காரணமோ என்னவோ.

நவம்பர் 12, செவ்வாய்

கர்ப்பிணிகள் நாள். ஆறு பேருக்கு இரும்புச்சத்து ஊசி, சலைன் பாட்டிலில் கலந்து. கடுங்காப்பி நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு பெண் பாட்டிலைப் பார்த்து அழுதாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் இது எதற்கு என்று திட்டிவிட்டு, பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 20, புதன்

இன்று ஒரு தப்பு நடக்க இருந்தது.

ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, வெளிறிப் போன முகம். அம்மா கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றாள். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதின சீட்டு. "ரத்தம் கம்மியா இருக்காம்மா, சத்து டானிக் எதாவது இருந்தா சேத்துக் கொடுங்க" என்றாள். பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இரும்புச்சத்து சிரப் பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டேன். அப்போதுதான் நர்ஸ் பாத்திமுத்து பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, அந்தப் புள்ளைக்கு தலசீமியா. பெரியாஸ்பத்திரி அட்டை பாருங்க."

மாதா மாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிற பிள்ளை. ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போய் ஈரலிலும் இதயத்திலும் படிந்துவிடும். அதை வெளியேற்றத்தான் தினமும் காலையில் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். ஒரு பக்கம் அவர்கள் இரும்பை அள்ளி வெளியே கொட்ட, நான் இன்னொரு பக்கம் பாட்டிலோடு நிற்கிறேன். ஒரு பாட்டிலில் உயிர் போய்விடாதுதான். ஆனால் அந்த அம்மா என் பேச்சை நம்பி மாதக்கணக்கில் கொடுத்திருப்பாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ரத்தம் கம்மிங்கறது வியாதியோட பேரு இல்ல மேடம், அடையாளம்தான்" என்று மட்டும் சொன்னார்.

இதற்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. மதினிக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கேட்டால், "பஞ்சு மேல நடக்காப்ல இருக்குட்டி" என்கிறாள். மழைக்காலம், வாதமாக இருக்கும். தைலம் தேய்த்துவிட்டேன். அழுத்தித் தேய்த்தேன், அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோலிக் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதத்துக்கு எடுத்து வந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காய்கறி வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வந்தேன். அடுப்படியிலிருந்து பூசை அறை வரை, பூசை அறையிலிருந்து கூடம் வரை, தரையில் சிவப்புச் சிவப்பாகத் தடம். மதினி குங்குமத்தைக் கொட்டிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது ரத்தம்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"மதினி, உங்க கால்லேர்ந்துதான்."

இடது குதிகாலில் கண்ணாடிச் சில்லு. ஊறுகாய் பாட்டில் காலையில் விழுந்து உடைந்ததாம், பெருக்கிவிட்டாளாம். என் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு உள்ளே இறங்கியிருந்தது. பிடுங்கினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்க வேண்டுமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவளாக என்னையே பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலட்டி" என்றாள்.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன். செருப்பு, தம்ளர், நாக்கு, சுவர். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் சிரித்தேன், திட்டினேன், தைலம் தேய்த்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

முதல் பஸ்ஸுக்கே போனோம். மதினி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

டாக்டர் நீளமான இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு மதினியின் மணிக்கட்டில் வைத்தார். "கொர்ருங்குது" என்றாள் மதினி. கணுக்காலில் வைத்தார். ஒன்றுமில்லை. முழங்காலில் வைத்தார். கொஞ்சம். கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார், நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். மூடின மாத்திரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பாத்திமுத்து தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள்.

"என்ன மருந்து கொடுத்தீங்க மேடம்?"

சொன்னேன்.

"ஃபோலிக் அஞ்சு மில்லிகிராமா? தினமுமா?"

"தினமும் டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இது இரும்புக் குறைவு இல்லை, பி பன்னிரண்டு வைட்டமின் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அது குறைந்தாலும் ரத்தம் இறங்கும். ஃபோலிக் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும். ஆனால் நரம்புக்கு ஃபோலிக் போதாது, அதற்குப் பி பன்னிரண்டேதான் வேண்டும். சீட்டில் எண் ஏறிக்கொண்டே போகும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும்.

பி.ஃபார்ம் படித்தபோது இதை நான் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால்.

"சைவம்னாலும் பால் தயிர்லேர்ந்து கிடைக்குமே. வீட்டுல அதெல்லாம் உண்டுல்லா?"

"உண்டு டாக்டர். எங்க வீட்டுல பால் தயிர் இல்லாமலா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு இல்ல" என்றாள் மதினி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஆறு வருசமா பாலு, தயிரு, மோரு, நெய்யி ஒண்ணும் தொடல. கயாவுல விட்டுட்டேன்."

தம்பிக்குத் திதி கொடுக்க மகனோடு கயாவுக்குப் போனபோது நானும்தான் கூட இருந்தேன். அட்சய வட மரத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை, இனி ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று விட வேண்டும் என்றார்கள். நான் விட்டது சுரைக்காய். அது எனக்குப் பிறந்ததிலிருந்தே பிடிக்காது. மதினி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள், என்ன விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

"அத ஏன் மதினி விட்டீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரில தயிர்ச்சோறு கேட்டான்லா. நீ டூட்டிக்குப் போயிருந்தே. சளி கட்டும்டான்னு நான்தான் கொடுக்கல. மறுநாளு பேச்சு நின்னு போச்சு. அவனுக்குக் கொடுக்காதத நான் எப்படித் திங்க?"

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஆறு வருஷம் சளி என்று சொன்னதை நம்பியிருக்கிறேன். எந்த ஊரில் ஆறு வருஷம் சளி பிடிக்கும்? அவர் பெண்டாட்டி நான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். மதினி கையை நீட்டினாள், குத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் முதல் ஊசியை இன்றே போடச் சொல்லிவிட்டார். சிவப்பு மாத்திரை நிறுத்தம். ஃபோலிக்கும் இப்போதைக்கு நிறுத்தம்.

டிசம்பர் 4, புதன்

வெளி லேபிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. இருநூறுக்கு மேல் இருக்க வேண்டிய பி பன்னிரண்டு மதினிக்கு எண்பத்தெட்டு. இரும்பு தாராளமாக இருக்கிறதாம். ஆக, இரண்டு மாதமாக அவள் வயிறு கட்டிக்கொண்டு கொய்யாப்பழம் தின்றது வெட்டி வேலை.

"கால் திரும்புமா டாக்டர்?"

"பெரும்பாலும் திரும்பும் மேடம். ஆனா மெதுவாத்தான். எவ்வளவு நாளா இப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாது. முழுசாத் திரும்பும்னு நான் எழுதித் தர முடியாது."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. சிறு குப்பியில் சிவப்பு மருந்து. பாத்திமுத்து ஊசியில் ஏற்றும்போது மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாள் கேட்க மறந்த கேள்வியாம்.

"இத எதுலேர்ந்து எடுக்காங்க தாயி?"

பாத்திமுத்து என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "பாக்டீரியாவுலேர்ந்து மதினி. தொட்டியில வளத்து எடுக்காங்க."

"பாக்டீரியான்னா?"

"கிருமி."

"கிருமி சைவமா, அசைவமா?"

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுகிற நிலைமையில் இருந்தவள், என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். "கண்ணு மூக்கு ஒண்ணும் கெடையாது மதினி. தயிர்ல இருக்கத மாதிரி" என்று சொல்லிவிட்டு, தயிர் என்று சொல்லியிருக்கக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதினி யோசித்தாள்.

"கண்ணு மூக்கு இல்லன்னா சரி, போடு" என்றாள்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். டாக்டர் அன்றைக்கே டெஸ்ட் எடுக்கச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், நான் கொடுத்த மாத்திரைதான் நோயை மூடி மறைத்தது, இரண்டு மாதம் என்னால் வீணாயிற்று. பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏறணும்னுதானே கொடுத்தே. ஏறத்தானே செஞ்சுது" என்றாள்.

"கால் போயிருந்தா என்ன செய்வீங்க?"

"போகலல்லா. நானும் தயிரு விட்டத உன்கிட்ட மறச்சேன். நீ மாத்திரயில தப்புப் பண்ணே. நேர்க்கு நேரு." கடுங்காப்பியை ஒரு மிடறு குடித்தாள். "மறைக்கதுல ஒன்ன விடவா நானு? சம்பளத்தன்னைக்கு ஏலக்கா வாசத்தோட வருவியே."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒங்க தம்பிக்கு…"

"அவந்தான் சொன்னான். தின்னுட்டுப் போறா விடு, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதேன்னு."

இருபது வருஷம் ஏலக்காய்க்கு நான் செலவழித்தது தண்டம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மனசு கொஞ்சம் இளகினதை உணர்ந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

நாக்கு எரிச்சல் போய்விட்டது. நாலே ஊசியில். எலுமிச்சங்காய் ஊறுகாயை வழித்துத் தின்றாள். அப்படியானால் என் சாம்பார்ப்பொடியில் குற்றமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

ஊசி எட்டு முடிந்தது. கால் அப்படியே இருக்கிறது.

மார்கழி பிறந்து மூன்று நாள். வாசலில் நான்தான் கோலம் போடுகிறேன். மதினி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "புள்ளி கோணுது" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். நேற்று அவளே போடுகிறேன் என்று இறங்கினாள். இருட்டில் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துத் திரும்பிப் போனாள்.

சிறுநீரகம் பழுதான வாத்தியார் ஒருவர் இன்று ஐஸ் டப்பாவோடு வந்தார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். ரத்தம் ஊறுவதற்கு அவருக்கு எரித்ரோபொய்டின் ஊசி, வீட்டில் ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டதால் எங்களிடம் வைக்கக் கேட்டார். வாங்கி வைத்தேன். ரத்தத்தை ஊறச் சொல்லி எலும்புக்கு உத்தரவு போடுவது சிறுநீரகமாம், அந்த உத்தரவுதான் இந்த ஊசி. ஒருவருக்கு இரும்பு, ஒருவருக்கு இரும்பை எடுக்கிற மருந்து, ஒருவருக்கு உத்தரவு, மதினிக்குக் கிருமி. எல்லோருக்கும் வெளிறின முகம் ஒன்றுதான்.

இப்போதெல்லாம் ரத்தக்குறைவு என்று ஜன்னலுக்கு யார் வந்தாலும் டெஸ்ட் பார்த்தாச்சா, என்ன சாப்பிடுகிறாய், கால் மதமதக்கிறதா என்று நான் கேட்கிற கேள்வியில் வரிசை நகர மாட்டேன் என்கிறது. "யக்கா, நீங்க உள்ள போய் டாக்டர் நாற்காலில உக்காந்துருங்க" என்று பாத்திமுத்து கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும்.

டிசம்பர் 23, திங்கள்

கால் அப்படியே.

டிசம்பர் 27, வெள்ளி

கால் அப்படியே. நெல்லையப்பருக்கும் காந்திமதிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடமும் கேட்டேன். மூன்று பேரும் பொறுத்திரு என்பதையே சொல்லுகிறார்கள்.

ஜனவரி 1, புதன்

புது டைரி யாரும் கொடுக்கவில்லை. பழையதின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி ஆறு. இந்தத் தடவை சீட்டை நான் யார் மேஜையிலும் வைக்கவில்லை. எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட காலம் போயிற்று.

ஆனால் சாயங்காலம் மதினி பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். "எறும்பு ஊருதுட்டி" என்றாள். பாயை உதறினேன், எறும்பு இல்லை. டாக்டருக்குப் போன் பண்ணினேன். நரம்பு விழிக்கிறதாக இருக்கலாம், நல்ல அறிகுறி, ஆனாலும் பொறுத்துப் பாருங்கள் என்றார். பொறுப்பதற்குக் கூட ஒரு மாத்திரை இருந்தால் நான் போட்டுக்கொள்வேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கப்பானையில் பால் பொங்கினது. மதினி குலவையிட்டாள். பிறகு தனக்கு மட்டும் தனிச்சட்டியில் தண்ணீரில் வேகவைத்து, நெய்யில்லாமல் வெறும் வெல்லப் பொங்கல் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தயிரை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"போதும் மதினி. ஆறு வருசம் இருந்தாச்சு. அவங்க இருந்தா இதப் பாத்துச் சும்மா இருப்பாங்களா?"

"இருக்க மாட்டான். திட்டுவான்."

"அப்புறம் என்ன?"

"ஊசி இருக்குல்லா, டாக்டரம்மா போதும்னுட்டா. விட்டது விட்டதாவே இருக்கட்டும்ட்டி. எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல." கிண்ணத்தை என் பக்கமே தள்ளினாள். "நீ சாப்பிடு. அவனுக்குப் பிடிச்சது வீட்டுல யாராவது திங்கணும்ல."

சாப்பிட்டேன். கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். இப்போது வாரம் ஒரு ஊசி. அடுத்து மாதம் ஒன்று, அது ஆயுசுக்கும். அதை ஒரு நாளும் தவறவிட மாட்டேன், இது நான் விடாதது.

ஜனவரி 26, ஞாயிறு

சுவரைப் பிடிக்காமல் அடுப்படியிலிருந்து வாசல் வரை வந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணு பட்டுவிடும் என்று பயம். நானும் பேப்பர் படிக்கிறவளாக இருந்துகொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் தாளிக்கும்போது கடுகு டப்பா கை தவறிவிட்டது. குனிந்து பொறுக்கி, துடைப்பத்தால் கூட்டி, தரை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிட்டு நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

உள்ளேயிருந்து, "ஏ வடிவு" என்று ஒரு சத்தம். கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மதினி அடுப்படி நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடித்திருக்கவில்லை. வலது காலில் மட்டும் நின்று, இடது பாதத்தைத் தூக்கித் திருப்பி, உள்ளங்காலிலிருந்து எதையோ நகத்தால் எடுத்தாள். எடுத்ததை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன கூட்டுத கூட்டு இது? காலு வைக்க முடியல. நறநறங்கு."

ஒரு கடுகு. ஒற்றைக் கடுகு.

நான் கடுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விடவில்லை. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடணும், நான் படுத்துக் கெடந்தா இந்த வீடு என்ன கதியாகும், ஒங்க வீட்டுல ஒனக்கு வெளக்குமாறு பிடிக்கச் சொல்லித் தரலையா என்று என் அம்மா வரை போனாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. பாதி வசவில்தான் விளங்கிற்று. பேச்சை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த கடுகைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பாதத்தைத் தரையில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தாள்.

"தரை குளுந்து கெடக்குட்டி" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று மறுபடியும் திட்டினாள்.

டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவருக்கும் குரல் மாறிவிட்டது. மகனுக்குச் சொன்னேன். பாத்திமுத்துவுக்குச் சொன்னேன். இப்போது மத்தியானம் இரண்டு மணி, மதினி சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறாள். எழுந்ததும் அடுப்படிக்குத்தான் வருவாள். தரையில் நாலைந்து கடுகைப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.